காதுகுத்தும் கன்சோல் கேபிளும்

தசரா முடிந்த மறுநாள் காலை. ஆபீஸ் திறந்த கையோடு போன் வந்தது. மைசூர் ஹெப்பாளில் ஓர் ஊதுபத்தி கம்பெனி. பேசியது பில்லிங் பார்க்கும் கோகிலா மேடம்.

“சார், நெட் இல்லை. பில் வரலை. ஒண்ணுமே ஓடலை. ஸ்வல்ப சீக்கிரம் வாங்க சார்.”

மைசூர்த் தமிழில் ‘ஸ்வல்ப சீக்கிரம்’ என்றால், இன்னும் ஏன் வரவில்லை என்று அர்த்தம். கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுத் தருவதும், அது படுத்தால் எழுப்பி விடுவதும்தானே என் பிழைப்பு? ஓடினேன்.

கேட்டருகே லோடு ஏற்றிய டெம்போ. அதன் படியில் டிரைவர் மாதேஷ், வெள்ளைச் சட்டை, கரை வேட்டியோடு. வேட்டி கட்டிக்கொண்டா டெம்போ ஓட்டுவார்கள்?

“அக்கா புள்ளைக்கு இன்னிக்குக் காதுகுத்துங்க சார், கொள்ளேகாலத்துல. நான் ஒருத்தன்தான் மாமன். என்ற மடில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். நல்ல நேரம் மதியத்தோட முடியுதுங்க. லோடும் அங்கதான் போவுது. பில்லு மட்டும் வந்தா கெளம்பிருவனுங்க.”

பில் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்டாது. ஆக, ஒரு குழந்தையின் காது இப்போது என் கையில்!

உள்ளே போனேன். எல்லாக் கம்ப்யூட்டர்களின் கேபிள்களும் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற பெட்டி, அலமாரியில் அம்மன் மாதிரி உட்கார்ந்திருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். குறுக்கே கட்டியாகச் செவ்வந்தி மாலை. எங்கள் ஊர் ஆயுத பூஜையில் லேத்துக்கும் ஆட்டோவுக்கும் கிடைக்கிற மரியாதை ஸ்விட்சுக்கும் உண்டு. பச்சை விளக்குகள் ஜோராக மினுங்கின. ஆனால் வெளியுலகத் தொடர்பு மட்டும் பூஜ்யம்.

இப்படி வழி அடைபட்டால், பெட்டியோடு நேரடியாகப் பேசுவதற்கென்றே கன்சோல் என்று ஒரு போர்ட் உண்டு. அதற்குத் தனி கேபிள் — தட்டையாக, வெளிர் நீல நிறத்தில். ஒரு முனை ஸ்விட்சுக்கு. மறுமுனையில் ஒன்பது ஊசிகள் வைத்த சீரியல் பிளக். அந்த பிளக்கை மாட்டும் இடம் பழைய கம்ப்யூட்டர்களில் இருந்தது. என் புது லேப்டாப்பில்? அது மெலிய மெலிய விலை ஏறுகிறது, துளைகள் குறைகின்றன. யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்றை நடுவில் மாட்டியாக வேண்டும். அதுவோ வீட்டில் சௌக்கியமாக இருந்தது.

பக்கத்து ஃபேக்டரியில் என் நண்பரிடம் ஒன்று இருந்தது. மாதேஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். வாங்கி வந்தார். மாட்டினால் டிரைவர் சாஃப்ட்வேர் கேட்டது. டிரைவர் அருகில் நின்று நகம் கடித்தார். மொபைல் நெட்டில் டவுன்லோடு... நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. கோகிலா மேடம் காபி கொடுத்தார். யாரும் குடிக்கவில்லை.

கடைசியில் எல்லாம் தயார். நீல கேபிளை எடுத்து, மாலையை ஒதுக்கி, கன்சோல் போர்ட்டில் செருகப் போனால்... அங்கே ஏற்கெனவே ஒரு கேபிள் உட்கார்ந்திருந்தது.

இன்டர்நெட் கேபிள்.

எனக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. கன்சோல் துளையும் நெட் துளையும் பார்க்க ஒரே அச்சு. எதைச் செருகினாலும் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஆனால் ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. இடம் பொருந்திவிட்டது என்பதற்காக வேலை நடந்துவிடுமா? பல ஆபீஸ்களில் பல நாற்காலிகளைப் பார்த்து இதே சந்தேகம் எனக்கு வந்ததுண்டு. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள்.

“யார் மாட்டினது?” என்றேன்.

கோகிலா மேடம் தரையைப் பார்த்தார். “பூஜைக்குத் துடைக்கணும்னு எல்லாத்தையும் கழட்டினோம் சார். திரும்ப நான்தான் ஜோடிச்சேன். எங்க வீட்டு கொலு மாதிரி கலர் கலரா வெச்சேன். ஒரு வயர் மிச்சமாச்சு. ஓரத்துல ஒரு துளை காலியா இருந்துச்சு...”

மிச்சமான பொம்மையைக் காலியான படியில் வைப்பதுதானே கொலு தர்மம்?

கேபிளை உருவி, காலியாகவே கிடந்த உரிய போர்ட்டில் செருகினேன். அவ்வளவுதான். பிரிண்டர் கரகரவென்று பில்லைத் துப்பியது. அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மாதேஷ் ஓடினார். நன்றிகூடச் சொல்லவில்லை. டெம்போ அடித்த ஹார்னை நன்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

மற்ற கேபிள்களையும் சரிபார்த்து முடிக்க மதியமாகிவிட்டது. அப்போது கோகிலா மேடத்தின் போனுக்கு மாதேஷிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். நல்ல நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தாரா? ஆபீஸே கூடி நின்றது. மேடம் ஸ்பீக்கரில் போட்டார். பேச்சே இல்லை. கூரை பிய்கிற மாதிரி ஒரு குழந்தையின் வீறல் மட்டும்.

ஒரு குழந்தை அழுததற்கு இத்தனை பேர் கைதட்டி அன்றுதான் பார்த்தேன்.