சித்திரை வெயிலில் ஹீட்டர்

“…அப்ப எஞ்சின் சூடெல்லாம் உள்ள நம்ம மேல வந்துரும், எஞ்சின் பொழச்சுக்கும். கொஞ்சம் பொறுத்துக்குங்க” என்று சொல்லிக்கொண்டே மாமா கார் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிட்டார்.

சித்திரை வெயில். மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு சந்து. முன்னால் வெங்காய மூட்டை ஏற்றிய ஆட்டோ ஒன்று நகர மாட்டேன் என்று நின்றது. அந்தப் பழைய சின்னக் காருக்குள் அம்மா, பெரியம்மா, நான், மூவரும் பட்டில். கொள்ளேகாலிலிருந்து மைசூர் வரை ரோட்டில் சமர்த்தாக வந்த வண்டிக்கு, சந்தில் நின்று நின்று நகர ஆரம்பித்ததும் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. மாமாவுக்குப் பெண் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தோம். அதற்கு முன் பார்த்த வீடுகளிலெல்லாம் மாமா வாயைத் திறக்காமல் காப்பியை மட்டும் குடித்துவிட்டு வந்திருந்தார். “காரோட பேசுற பேச்சை மனுசங்களோட பேசியிருந்தா இந்நேரம் ரெண்டு புள்ளைக்கு அப்பன்” என்பாள் பெரியம்மா. இந்த இடமும் தட்டிப்போனால் இனி யாரும் ஜாதகம் கேட்டு வரமாட்டார்கள் என்று அம்மாவுக்குப் பயம்.

பெண் வீட்டு வாசலில் நாங்கள் வேர்வையில் நனைந்து, குளித்துவிட்டு வந்தவர்கள் மாதிரி இறங்கினோம். போனட்டிலிருந்து ஆவி வந்தது. மாமா அதைத் திறந்ததும், பெண்ணின் அப்பா சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். சொம்பு உருண்டது.

“திறந்தா கொதிதண்ணி மூஞ்சியில அடிக்குமுங்க. ஆறட்டும்.”

“போச்சு” என்று பெரியம்மா முணுமுணுத்தாள். பெண்ணின் அப்பா மணிக்கட்டைத் தேய்த்தபடி, “பையனுக்குப் பிடி பலமாத்தான் இருக்கு” என்று சிரித்தார். அம்மாவுக்கு மூச்சு வந்தது.

பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வண்டி ஆறும்வரை கிளம்ப முடியாதே, உள்ளே போய் உட்கார்ந்தோம். காப்பி கொண்டுவந்த பெண் மாமாவிடம் நேராகவே கேட்டாள்: “ரோட்டுல வந்தப்ப சூடாகலையா?”

“ஓடுறப்ப காத்து அடிக்கும். நின்னா ஃபேன்தான் காப்பாத்தணும். அது சுத்தலை.”

“அப்போ ஃபேனைப் பாத்துட்டுக் கிளம்பியிருக்கலாமே.”

மாமாவுக்குக் காது சிவந்தது. ஆனால் வாய் திறந்துகொண்டது. ஃப்யூஸ் போயிருக்கலாம் என்றார். பார்க்கலாமே என்றாள். இருவரும் வாசலுக்குப் போய்க் குனிந்தார்கள். கருகிய ஃப்யூஸைப் பிடுங்கி, ஹார்ன் ஃப்யூஸை அந்த இடத்தில் செருகினார் மாமா. சாவியைத் திருப்பியதும் ஃபேன் சுற்றியது. போனட்டை மூடினார். இனி ஊர் போகும்வரை ஹார்ன் கிடையாது என்றதற்கு, “எங்க சந்துல ஹார்ன் அடிச்சா மட்டும் யார் வழி விடறாங்க” என்றாள் அவள்.

அப்புறம் உள்ளே ஒரே பேச்சு. மாமா சிரிக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது. எனக்குப் போரடித்தது, பசி வேறு. நிழல் விழுந்த வண்டியைப் போய்த் தொட்டேன். போனட் தண்ணிப் பானை மாதிரி குளிர்ந்திருந்தது. பெரிய உபகாரம் செய்கிற நினைப்பில் கத்தினேன்: “மாமா, வண்டி எப்பவோ ஆறிடுச்சு. போலாம்.”

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாக வந்தார். உள்ளங்கையைப் போனட்டின் மேல் வைத்தார். சுட்டுவிட்டதுபோல வெடுக்கென்று எடுத்து விரல்களை ஊதிக்கொண்டார். “இன்னும் ஆறலைங்க” என்று வீட்டுக்குள் கேட்கும்படி சொல்லிவிட்டு, திரும்பிப் போய் மறுபடி செருப்பைக் கழற்றினார்.