சத்தமில்லாத லாரிக்குக் காவல்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் நிற்கிற இடத்தில் பேசவே கூசுகிறவள், பேனாவைக் கையில் எடுத்தது அதிகப்படிதான். படிக்கிறவர்கள் மன்னித்துக்கொள்ள வேண்டும். தப்பும் தவறுமாக இருந்தாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் எனக்கு வேலை. நாங்கள் ஏழு பேர். சருகு கூட்டுவோம், ஓரக் கால்வாயில் அடைத்த மண்ணை அள்ளுவோம், மழைக்கு உருண்ட கல்லை ஒதுக்குவோம். குனிந்து வேலை செய்கிறவர்கள் அடிக்கொரு தரம் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எல்லாம் காதுதான். கீழே லாரி கியர் மாற்றுகிற சத்தத்தை வைத்தே அது எந்த வளைவில் வருகிறது, லோடா காலியா என்று சொல்லிவிடுவோம். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. சத்தம் கிட்டே வந்தால் ஏழு பேரும் மலைப்பக்கம் ஒதுங்குவோம். வண்டி மேல் வளைவில் ஹாரன் அடித்ததும் திரும்ப ரோட்டுக்கு வந்துவிடுவோம். பதினோரு வருஷமாக எங்களில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

போன வருஷம் ஒருநாள் காலையில், டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி சொன்னார்.

"அடுத்த வாரம் கரண்டு லாரி ஓட்டிப் பாக்க வராங்களாமா. தலை தனி, பின்னால இழுக்கற பொட்டி தனின்னு பைபாஸ்ல போகுதே, அந்த மாதிரி. மலைக்குத் தலை மட்டும் வருதாம். ஏத்தத்துல சார்ஜ் எவ்வளவு நிக்குதுன்னு பாப்பாங்களாம்."

"பாதி மலையில சார்ஜ் தீந்துட்டா என்ன பண்ணுவாங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"பின்னாலயே உருண்டு குப்பனூருக்குப் போயிரும். டீசல் மிச்சம்," என்றாள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி மனைவி. குழுவில் வாய் நிறையப் பேசுகிறவள் அவள்தான்.

"மழையில தொட்டா ஷாக் அடிக்குமுங்களா?"

"எறங்கும்போது அதுவே சார்ஜ் ஏத்திக்குமாமா."

"அப்ப எறங்கிட்டே இருக்கச் சொல்லுங்க, எதுக்கு ஏறோணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "சத்தமே இருக்காதாமா," என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வளைவைப் பார்த்தார். இன்றைக்கு ஒன்று வரும், அப்புறம் பத்து வரும், கடைசியில் எல்லாமே அதுவாகிவிடும். அன்றைக்குக் குனிந்திருக்கிற நம் முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று எப்படித் தெரியும்?

ஒரு ஆள் கீழ் வளைவில் நின்று, லாரி தலை தெரிந்ததும் "வண்டி" என்று கத்த வேண்டும் என்று முடிவானது. எனக்கு முழங்கால் வீங்கியிருந்தது. நிற்கிற வேலைதானே என்று மேஸ்திரி என்னைக் காட்டினார்.

"அக்காவா?" என்றாள் ஓரகத்தி. "அக்கா கத்துனா அடுத்த ஊட்டுக்கு வேண்டாம், அக்காளுக்கே கேக்காதுங்க."

மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

அந்த ஒரு வாரமும் வீட்டில் ஆளில்லாத நேரம் "வண்டி" என்று சொல்லிப் பார்த்தேன். அடுப்படியில் படுத்திருந்த பூனைகூடத் திரும்பவில்லை. தூக்கத்தில் ஒரு வெள்ளை லாரி வாசல் வழியாக வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா நின்றது.

லாரி வருகிற அன்றைக்குப் பனி இறங்கியிருந்தது. கீழ் வளைவில் நின்றேன். ஐம்பது அடி மேலே ஓரகத்தியின் சிவப்புச் சேலை மங்கலாகத் தெரிந்தது. முதலில் பஸ் வந்தது. அதன் உறுமல் எனக்கு முன்னாலேயே எல்லோருக்கும் கேட்டுவிட்டது, ஒதுங்கிவிட்டார்கள். பஸ் என்னைத் தாண்டிப் புகையைக் கக்கிக்கொண்டு போனது. நான் கீழே பார்க்காமல், பழக்கத்தில் முகத்தைத் திருப்பி அந்தச் சத்தம் தேய்வதையே கேட்டுக்கொண்டிருந்தேன். மேல் வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. ஓரகத்தி ரோட்டுக்கு இறங்கிக் குனிந்தாள்.

அப்போது ஈர ரோட்டில் தூறல் விழுவது போல ஒரு சின்னச் சத்தம். திரும்பினால், என் தோள் பக்கத்தில் அந்த லாரி. பெரிய வெள்ளைத் தலை, பின்னால் ஒன்றுமில்லை. அது என்னைத் தாண்டிப் போய்விட்டது.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. சிவப்புச் சேலையும் வெள்ளை லாரியும் நெருங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிரைவர்தான் பார்த்தார். பிரேக் அடித்ததில் லாரி சறுக்கி நின்றது. ஓரகத்தி கால்வாய்க்குள் விழுந்திருந்தாள். துடைப்பம் சக்கரத்தடியில் கிடந்தது. அவளுக்கு முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று.

டிரைவர் இறங்கி வந்தார். "பஸ்ஸுக்குப் பின்னாடியேதானுங்க வந்தேன். பஸ்ஸுக்கு ஒதுங்குனவங்க அப்படியே நிப்பீங்கன்னு ஹாரன் அடிக்கலீங்க," என்றார்.

மேஸ்திரி என்னிடம் வந்தார். "கத்துனயா, இல்லையா?"

நான் தரையைப் பார்த்தேன். கால்வாயில் உட்கார்ந்திருந்த ஓரகத்தி முழங்கையை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா கத்துனாங்க. எனக்குத்தான் பஸ் சத்தத்துல கேக்கல."

அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேஸ்திரி, "செரி, உடு சாமி," என்று சொல்லிவிட்டு டிரைவரிடம் போனார். அது பொய் என்று நான் அப்போதும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

மறுநாள் லாரி இரண்டாம் தடவை வந்தது. கத்தத் தெரிந்த ஆள் என்று மேஸ்திரி என்னையே கீழ் வளைவில் நிற்கச் சொன்னார். போய் நின்றேன்.