மயிலம்மாள் கட்டிய மடி

என் மாமியார் மயிலம்மாளிடம் வாயைக் கொடுத்து மீண்டவர்கள் கல்லணைக்கு அந்தப் பக்கம் யாரும் கிடையாது. சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். யார் தயவும் இல்லாமல், மடை திறக்கத் தானே மண்வெட்டியோடு போய், இருந்த நிலத்தைக் காப்பாற்றி, ஒற்றைப் பெண் பொன்னுத்தாயை வளர்த்து எனக்குக் கட்டிவைத்தாள். கட்டிவைத்தாளே தவிர, முழுசாக விட்டுக் கொடுத்தாளா என்று மட்டும் கேட்காதீர்கள்.

நான் திருச்சி காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் எடை போடுகிறவன். குடியிருப்பு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரம். பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மாமியார் ஊர். ஆனால் அது தஞ்சாவூர் ஜில்லா. அறுபத்தைந்தில் அரிசித் தட்டுப்பாடு வந்ததும், அந்த ஜில்லாவை விட்டு நெல்லோ அரிசியோ வெளியே போகக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். எல்லையில் செக்போஸ்ட். லாரிகள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியாது. பஸ்ஸில் வரும் பொம்பளைகளின் பையைத்தான் குடைந்தார்கள். மாமியார் வீட்டுக் குதிர் நிறைய நெல். நானோ ரேஷன் கடை வாசலில் பையோடு தவம் கிடந்தேன். கிடைப்பதாவது அரிசியாக இருக்கக்கூடாதா? பாதி கல், பாதி புழு. உலையில் போட்டால் தெருவே மூக்கைப் பிடிக்கும்.

இந்த லட்சணத்தில்தான் பொன்னுத்தாய் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பெண் குழந்தை. மூன்றாம் மாதம் அழைத்துவரப் போனேன். மாமியார் கோழி அடித்து, மல்லிகைப் பூவாட்டம் சோறு போட்டாள். மூக்கு முட்டத் தின்றுவிட்டு, “கிளம்பலாமா அத்தை?” என்றேன்.

“எப்படி மாப்பிள்ளை கிளம்பறது? மடி கட்டாமயா?”

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளை பெற்றவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பும்போது, தாய்க்காரி அவள் முந்தானையில் அரிசியும் மஞ்சளும் தேங்காயும் கட்டி அனுப்ப வேண்டும். போன அன்றைக்கே அந்த அரிசியைப் பொங்கிச் சாப்பிட வேண்டும்.

“கட்டுங்களேன். யாரு வேணாங்கறா?”

“கட்டலாம். செக்போஸ்ட்டுல அவுக்கச் சொன்னா?”

அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒரு புதுப்பெண்ணை பஸ்ஸிலிருந்து இறக்கி, மடியை அவிழ்த்து அரிசியைச் சாக்கில் கொட்டச் சொன்னார்களாம். மஞ்சளையும் தேங்காயையும் மட்டும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்களாம்.

“வெறும் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு நின்னதை நீங்க பாக்கலை. எம் பொண்ணு மடியை எவனும் அவுக்கக்கூடாது. வெறும் மடியோடயும் நான் அனுப்ப மாட்டேன். உத்தரவை எடுக்கட்டும், அனுப்பறேன்.”

“எப்ப எடுப்பாங்க?”

“என்னைக் கேட்டா? உங்க ஊர்லயுந்தான கலெக்டர் இருக்காரு, போய்க் கேளுங்க!”

சர்க்கார் ஒரு பக்கம் பிடிவாதம், மாமியார் ஒரு பக்கம் பிடிவாதம், நடுவில் நான். ஞாயிற்றுக்கிழமை தோறும் போவேன், சாப்பிடுவேன், தனியாகத் திரும்புவேன். வயிற்றுக்குள் போட்டுக்கொண்டு வருகிற சோற்றை மட்டும் செக்போஸ்ட்டில் கேட்கவில்லை. மண்டியில் பெரியண்ணன் கேலி பண்ணுவான்: “என்னப்பா அடைக்கலம், நெல்லோட சேத்து உன் பொண்டாட்டியையும் சர்க்கார் கொள்முதல் பண்ணிடுச்சா?” எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் குழந்தை குப்புற விழுந்ததை நான் பார்க்கவில்லை. உட்கார்ந்ததையும் பார்க்கவில்லை. நான் தூக்கினால் யாரோ பிள்ளை பிடிக்கிறவன் வந்த மாதிரி வீறிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பொறுமை போய்விட்டது. இலையை விட்டு எழுந்துவிட்டேன்.

“உங்க வழக்கமும் வேணாம், அவங்க உத்தரவும் வேணாம் அத்தை. எனக்கு எம் பொண்டாட்டி வேணும், புள்ளை வேணும். கல்லோ நாத்தமோ, எங்க ரேஷன் அரிசியை நாங்க பொங்கித் தின்னுக்கறோம்!”

உள்ளே பொன்னுத்தாய் அழுதுகொண்டே, “நான் போறேம்மா” என்றாள்.

நான் கிளம்பும்போது மாமியார் வாசலில் வந்து நின்றாள்.

“அந்த ரேஷன் அரிசி கொஞ்சம் இருக்கா?”

“இருக்கு. ஏன்?”

“வர்ற புதன்கிழமை லீவு போட்டுட்டு அதை எடுத்தாங்க. இங்க வர வேணாம். செக்போஸ்ட்டுக்கு அந்தாண்ட, உங்க ஜில்லாவுல நில்லுங்க.”

கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்று நினைத்தேன். ஆனாலும் போய் நின்றேன். பஸ் வந்தது. எல்லோரையும் இறக்கினார்கள். குழந்தையின் துணிமூட்டையைக்கூட உதறிப் பார்த்தார்கள். அரிசி ஒரு மணிகூட இல்லை. மாமியார் முன்னால் வர, பொன்னுத்தாய் குழந்தையோடு வெறும் முந்தானையாக எல்லையைத் தாண்டி வந்தாள்.

மாமியார் என் கையிலிருந்த பையை வாங்கிப் பிரித்தாள். நாற்றம் குப்பென்று அடித்தது. சாலையோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, அரிசியை மடியில் கொட்டிக் கல் பொறுக்க ஆரம்பித்தாள். கண்டக்டர் கத்தினான். “இரு தம்பி, எம் பொண்ணை அனுப்பிட்டிருக்கேன்” என்றாள். பிறகு எழுந்து அந்த அரிசியை, தான் கொண்டுவந்த மஞ்சளோடும் தேங்காயோடும் பொன்னுத்தாயின் முந்தானையில் வைத்து முடிந்தாள்.

“குதிர் நெறைய நெல்லை வச்சுக்கிட்டு, மாப்பிள்ளை கொண்டாந்த அரிசியில எம் பொண்ணுக்கு மடி கட்டறேன். நல்லா இருக்கட்டும் இவங்க சட்டம்!”

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். செக்போஸ்ட்காரன் அவள் வெறும் பையை மறுபடியும் வாங்கிப் பார்த்தான். “உள்ள போறவகிட்ட என்னத்தய்யா தேடறே?” என்று அவள் போட்ட சத்தம் பஸ்ஸுக்குள் கேட்டது.

அன்று ராத்திரி பொன்னுத்தாய் அந்த அரிசியைத்தான் பொங்கினாள். இலையில் விழுந்ததும் வழக்கம்போல் முகத்தைச் சுளித்து வாயைத் திறந்தேன்.

“எங்கம்மா கட்டிக் குடுத்த அரிசி. நாறுதுன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, அப்புறம் பாத்துக்குங்க.”

கால் கடுக்க வரிசையில் நின்று அதை வாங்கி வந்தவன் நான். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். அவளுக்கும் நாறத்தான் செய்தது, கண்ணில் தெரிந்தது. ஆனாலும் இன்னொரு தடவை போட்டுக்கொண்டு, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.