சாயத்துக்கு ஒரு வாய்க்கால், மழைக்கு ஒரு வாய்க்கால்

எண்பதுகளில் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் நெசவாளர்களுக்காக ஒரு புதுக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு நான் ஓவர்சியர். டிப்ளமா முடித்த கையோடு கிடைத்த வேலை; நாகல் நகரிலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போவேன். பெண் ஓவர்சியரா என்று முதல் வாரம் கொத்தனார்கள் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் என் வாய்க்குப் பயந்து அடங்கிவிட்டார்கள்.

வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு வரிசை வீடுகள், கொல்லைப்புறத்தில் ஒரே வாய்க்கால். மழைத்தண்ணீர் முழுவதும் அதில் சேர்ந்து, சரிவான வாட்டத்தோடு ஓடி ஊருணியில் விழும். கரையில் குடிதண்ணீர்க் கிணறு. ஊருணி நிறைந்தால் கிணறு ஊறும். மழைக்கு ஏங்கிக் கிடக்கும் எங்கள் சீமையில் இதைவிட என்ன வேண்டும் என்று நானும் பூரித்துப்போனேன்.

முதல் பத்து வீடுகளில் ஆட்கள் குடிவந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு காலையில், முழங்கைவரை சிவந்த கைகளோடு ஓர் அம்மாள் கொல்லையில் சாயத் தொட்டியைக் கவிழ்த்தாள். தண்ணீர் நேராக அந்த வாய்க்காலில் இறங்கியது. பத்து வீட்டிலும் இதே கதை. வெயில் காலம், சாயம் அங்கேயே காய்ந்து கிடந்தது. ஒரு பெருமழை வந்தால் அத்தனையும் கரைந்து ஊருணிக்குப் போகும், அங்கிருந்து கிணற்றுக்கு. பிள்ளைகள் அதைத்தான் குடிக்க வேண்டும்.

என்ஜினியரிடம் ஓடினேன். கொல்லை வாய்க்காலைப் பொட்டலில் ஓர் அகலக் குழிக்குத் திருப்பிவிட்டு, மழைக்குத் தெருவோரம் தனி வாய்க்கால் கட்டலாம் என்றேன்.

"குடியிருக்கிறவங்க சம்மதிச்சா மாத்துறேன். இல்லேன்னா பேசாம பிளான்படி கட்டும்மா" என்றார்.

அவர்கள் சம்மதிக்கவில்லை. தறியில் நீளவாக்கில் ஏறும் பாவு நூலைத் தெரு நெடுக இழுத்துக் கட்டித்தான் அவர்கள் கஞ்சி போட வேண்டும்.

"தெருவ வெட்டிட்டா பாவு எங்க நீட்டுறது? ஒங்க தலையிலயா?" என்று கேட்டார் ஒரு நெசவாளர்.

நான் கத்தினேன். அவரும் கத்தினார். பாவைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் கோடு போட்டது என் தப்பு. அதை ஒப்புக்கொள்ள அன்று என் திமிர் இடம் கொடுக்கவில்லை.

சாயத் தொட்டியைக் கவிழ்த்த அம்மாள்தான் நடுவில் வந்தாள். "எதுக்கு இம்புட்டுச் சத்தம்? ஒரு வெள்ளச் சிட்டத்த முக்கிப் பாத்தா தெரிஞ்சுட்டுப் போகுது." சிட்டம் என்றால் நூல் கட்டு.

மறுநாள் கட்டட வேலைக்கு வந்த தண்ணீர் லாரியை மேட்டில் நிறுத்தி, கொல்லை வாய்க்காலில் திறந்துவிட்டேன். கடைக்கோடியில் ஓர் அண்டாவைப் புதைத்துத் தண்ணீரைப் பிடித்தோம். அம்மாள் சிட்டத்தை அதில் ஊறவிட்டுத் தூக்கினாள். ரோஜா நிறம். நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசியும் போகவில்லை.

என்னோடு கத்திய நெசவாளர் அந்த நூலை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு, "தெரு வாய்க்கா மேல கல்லுப் பலக போட்டு மூடித் தருவீங்களா? நாங்க அதுமேல பாவு நீட்டிக்கிறோம்" என்றார்.

திண்டுக்கல்லில் கல்லுக்கா பஞ்சம்! இரண்டே மாதத்தில் வேலையை முடித்தோம்.

ஐப்பசியில் மழை கொட்டியது. குடையைக்கூட எடுக்காமல் ஓடினேன். கொல்லை வாய்க்கால் சிவப்பும் நீலமுமாகப் பொட்டல் குழிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தெரு வாய்க்கால் ஊருணிக்குப் பாய்ந்தது. தெருச் சனத்தில் பாதி ஊருணிக் கரையில் நின்றது. அம்மாள் புதுச் சிட்டம் ஒன்றை ஊருணியில் முக்கித் தூக்கினாள்.

செக்கச்செவேலென்று வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"ஏன் தாயி மூஞ்சி செத்துப்போச்சு?" என்று அவள் குடத்துத் தண்ணீரில் அதை அலசினாள். "மண்ணுன்னா போயிரும். சாயம்னாத்தான் போகாது."

ஓர் அலசல், இன்னோர் அலசல். மூன்றாவது முறை பிழிந்து உதறியபோது நூல் பளீரென்று வெளுத்திருந்தது. நான் நின்ற இடத்திலேயே குதித்தேன். ஓவர்சியர் குதிக்கலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அத்தனை சந்தோஷம் எனக்கு.

என்னோடு மல்லுக்கு நின்ற அந்த நெசவாளர் சிட்டத்தை வெடுக்கென்று வாங்கித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். கொட்டுகிற மழையில் வீடு வீடாக வாசலில் நின்று காட்டிக்கொண்டே போனார்.

"நல்லாப் பாத்துக்கோங்க! நம்ம ஓவர்சியரம்மா வாய்க்கால்ல வந்த தண்ணி!"