இடக்கையில் சிவப்பு, வலக்கையில் பச்சை

காரியத்துக்கு முதல் நாள், குமரேசனின் அக்கா மணியம்மாள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வேங்கிக்காலுக்கு வந்து இறங்கினாள். வந்ததும் தம்பி பெண்டாட்டியின் கையைத்தான் பார்த்தாள்.

"நாளைக்கு இதெல்லாம் ஒடச்சிடணும் கஸ்தூரி."

கஸ்தூரியின் இடக்கையில் சிவப்புக் கண்ணாடி வளையல், வலக்கையில் பச்சை. ஊரில் வேறு யாரும் கைக்கொரு நிறமாகப் போடுவதில்லை. லீவில் வந்த புருஷன் குமரேசன் நெஞ்சுவலியில் போனபோது வாய்விட்டு அழுதாள். இப்போது அழுகைகூட வரவில்லை. இதுவும் போனால் அவன் மொத்தமாகப் போய்விடுவான் என்று பயந்தாள்.

தொண்ணூற்றொன்றில் குமரேசன் கப்பலில் வெறும் மாலுமி. அதிகாரி ஆவதற்கு மெட்ராஸில் வாய்மொழித் தேர்வு. மேசைமேல் இரண்டு மரக்கப்பல்களை எதிரெதிரே வைத்து, எந்தப் பக்கம் திருப்புவாய் என்று கேட்டார்கள். மனுஷன் பதற்றத்தில் "இடது" என்றுவிட்டான். நேருக்கு நேர் வரும் கப்பல்கள் இரண்டுமே வலப்பக்கம்தான் ஒதுங்க வேண்டும். இவனோ விவரம் தெரிந்த நாளிலிருந்து கிரிவலம் போனவன். மலையோரத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு இடப்பக்கமாகவே நடந்து பழகிய கால். தேர்வு போச்சு.

"மலையில சித்தருங்களுக்கு வழி உட்டீங்க, சரி. கடல்ல எந்த சித்தரு நடக்கறாரு?" என்று கஸ்தூரி சிரித்தேவிட்டாள். அவன் முகம் தொங்கியதும் பாவமாகிவிட்டது. தேரடி வீதிக்குப் போய் வளையல் வாங்கிக் கைக்கொரு நிறமாக மாட்டிக்கொண்டாள். கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இனி அவளே கப்பல்.

சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே குறுகிய நடை. அவனுடைய வலப்பக்கத்திலிருந்து குழம்புச் சட்டியோடு குறுக்கே வருவாள். சிவப்பு வளையல் கண்ணில் பட்டதும், கடல் விதிப்படி அவன் நின்று வழிவிட வேண்டும். இடப்பக்கத்திலிருந்து வந்தால் பச்சை தெரியும், அவன் பாட்டுக்குப் போகலாம். மறந்து மோதினால் குழம்பு சட்டையில். "கப்பல் முழுகிடுச்சி, போய் சட்டய மாத்துங்க" என்பாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள் அப்போது!

அடுத்த முறை தேறினான். அதிகாரியின் மனைவி கப்பலில் கூடப் போகலாம் என்றார்கள். கஸ்தூரியும் ஒருமுறை போய்வந்தாள். ஒரு அந்தியில், துறைமுகத்துக்கு வெளியே பல கப்பல்களில் வெள்ளை விளக்கு மட்டுமே எரிந்தது.

"அதுங்களுக்கு ஏங்க சிவப்பு, பச்ச இல்ல?"

"நங்கூரம் போட்டு நிக்குதுல்ல. ஓடற கப்பலுக்குத்தான் அதெல்லாம்."

அதன்பிறகு உடைய உடைய அதே நிறங்களையே வாங்கிப் போட்டாள். அவன் கடலில் இருந்த மாதங்களில் அதுதான் அவளுக்குத் துணை.

காரியத்தன்று மணியம்மாள் வெள்ளைப் புடவையைக் கஸ்தூரியின் மடியில் வைத்துவிட்டு, வளையலை உடைக்கக் கையைப் பிடித்தாள். கஸ்தூரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் அண்ணி. நங்கூரம் போட்ட கப்பலுக்குத்தான் வெள்ள மட்டும். எம்பொண்ணு கவிநிலா இப்பதான் ஒம்பதாவது படிக்கறா. நான் இன்னும் ஓடணும்."

"இன்னாடி சொல்ற? கப்பலா?"

கஸ்தூரி எழுந்து, சமையற்கட்டில் அழுதுகொண்டிருந்த மகளிடம் நடந்தாள். முந்திக்கொண்டு போய் நடையில் குறுக்கே நின்ற மணியம்மாள், அந்தச் சிவப்பு வளையல்களையே பார்த்தபடி, ஒதுங்கி வழிவிட்டாள்.