பட்டனுக்குப் பக்கத்தில் ஒரு வரி

முதியோர் இல்லத்தில் அந்த நர்ஸை எல்லோரும் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறவள். சாப்பிடும்போதுகூட உட்கார மாட்டாள். அந்த வாரம் இன்னும் வேகமாகச் சுழன்றாள். அவள் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்த நாத்தனாரை மேனேஜர் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

குற்றம் சின்னதல்ல. கீழ்த்தளத்தில் ஒரு பெரியவருக்கு நாத்தனார் ரத்த அழுத்த மாத்திரை கொடுத்தாள். அடுத்த ஷிப்டுக்கு வந்தவள், கொடுத்த மருந்துகளைப் பதிகிற செயலியைப் போனில் திறந்து பார்த்தாள். கொடுத்ததாகப் பதிவு இல்லை. மறுபடியும் கொடுத்தாள். பெரியவர் தலைசுற்றி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மேனேஜர் நாத்தனாரைப் பொய்க்காரி என்றார்.

"நான் பதிஞ்சேன் அண்ணி. அவர் முழுங்கின கையோட பதிஞ்சேன்."

இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வீட்டில் மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாத்தனாருக்கு வேலை போனால் அண்ணிக்குக் கொண்டாட்டம்தானே என்று பக்கத்து வார்டுக்காரி சீண்டினாள். சக்கரம் சிரிக்கவில்லை.

அந்தச் செயலி இலவசம். எங்கெங்கோ இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் கூடி எழுதுவது. அதன் உதவிப் பக்கங்களில் தப்பு இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். அதைப் பராமரிக்கிறவர் ஒப்புக்கொண்டால் ஏறும். 'புதுப்பி' என்ற பட்டனைப் பற்றி அங்கே எழுதியிருந்தது இவ்வளவுதான்: எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம், பாதுகாப்பானது. அதை நம்பி, ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது கை கழுவுகிற மாதிரி அதையும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவது அங்கே எல்லோருக்கும் வழக்கம்.

கீழ்த்தளத்தில் சிக்னல் கிடையாது, பதிவது போனிலேயே தங்கும். சக்கரம் இறங்கிப் போய், சோதனை என்று ஒரு பெயர் போட்டுப் பதிந்தாள். படியேறி வந்து சிக்னல் கிடைத்ததும் பட்டனைத் தட்டினாள். பதிவைக் காணோம். அனுப்பாமல் வைத்திருந்ததைப் போன் தூக்கி எறிந்துவிட்டு, சர்வரில் இருந்த பழையதை இறக்கிக்கொண்டது. நாத்தனாரின் பதிவும் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

மேனேஜரிடம் ஓடினாள். உன் போன் ஓட்டை என்றார் அவர்.

"அழியும்னு அந்த உதவிப் பக்கத்துல எங்கயாவது போட்டிருக்கா? காட்டு, ஒத்துக்கிறேன்."

அன்றே திருத்தம் எழுதி அனுப்பினாள். பராமரிக்கிறவர் மரியாதையாகத்தான் பதில் போட்டார்: சர்வரில் இருப்பது அழியாது, ஆகவே வரி சரியே, விவரம் வேண்டுமானால் பக்கத்தின் அடியில் சேர்க்கலாம். சக்கரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வாத மருந்தை நோயாளியின் கோப்பில் கடைசித் தாளில் எழுதினால் எவள் பார்ப்பாள்? கீழ்த்தளம், படிக்கட்டு, பட்டன், விழுந்த பெரியவர் என்று நடந்ததை வரிசையாக எழுதினாள். நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள் என்று முடித்தாள்.

பதில் இல்லை. மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்தாள். துணி காய்ந்ததா என்று கொடிக்குப் போய்ப் பார்த்தாள், துவைக்கவே இல்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததில் கணவனுக்கே எரிச்சல் வந்து, அதைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தான். நாற்காலி போட்டு எடுத்தாள்.

பராமரிக்கிறவர் செய்து பார்த்திருந்தார். மன்னிப்பு ஒரு வரி, திருத்தம் ஒரு வரி. பட்டன் விளக்கத்தை ஒட்டியே அது ஏறியது: இந்தப் போனில் அனுப்பாத பதிவுகள் இருந்தால் அழிந்துவிடும், முதலில் அனுப்புங்கள்.

மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு, நாத்தனாருக்குப் போன் போட்டு வேலைக்கு வரச் சொன்னார். அவள் முடியாது என்று வைத்துவிட்டாள்.

"பொய்க்காரின்னது எல்லார் முன்னாடியும். வான்னு சொல்றது மட்டும் போன்லயா?"

"கிடைச்ச வேலைய காலால உதைக்கிறியேடி," என்று சக்கரம் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

"நீங்க முதல்ல உட்காருங்க அண்ணி. உங்களப் பார்த்தா எனக்குத் தலை சுத்துது."

நாத்தனாரின் கேள்வியைச் சக்கரம் அப்படியே மேனேஜரிடம் கொண்டுபோய்ப் போட்டாள். மறுநாள் காலைக் கூட்டத்தில், நாத்தனார் கதவோரமாக நிற்க, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு புது வரியை வாசித்தார்.

"அவங்க பதிஞ்சிருக்காங்க. விசாரிக்காம பேசினது என் தப்பு."

நாத்தனார் தலையை மட்டும் அசைத்தாள். கையுறையை மாட்டிக்கொண்டு கீழே போனாள். அங்கே விரிப்பு மாற்ற வேண்டிய கட்டில்கள் அப்படியே கிடந்தன.