கல்லெல்லாம் வெளியே

என் சித்தி சிற்பி. கல்லைச் செதுக்குவதைவிட அதைத் துருவித் துருவி ஆராய்வதில்தான் அவளுக்கு ஆசை அதிகம். உடைந்த சில்லைக்கூட எறிய மாட்டாள். நனைத்துப் பார்ப்பாள், நக்கிப் பார்ப்பாள், பிறகு 'கிடைத்த இடம்' இன்னது என்று சீட்டெழுதி ஒட்டி அலமாரியில் வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா கத்தினார்: "இது வீடா, குவாரியா? கல்லெல்லாம் வெளிய போகணும்!"

சொன்னது தப்பு, சித்தியிடம் போய்ச் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

"சரிங்க," என்றாள். அலமாரியோடு நிறுத்தவில்லை. இரும்பும் பாறையிலிருந்து வந்ததுதானே என்று அடுப்பையும் பாத்திரங்களையும் முற்றத்துக்குக் கொண்டுபோனாள். மணலை உருக்கிச் செய்த கண்ணாடி டம்ளர் போயிற்று. உப்பு போயிற்று. சுண்ணாம்புத் தூள் கலந்த பற்பசையும் போயிற்று. காபிக்கு வழியில்லாமல் சித்தப்பா தரையில் உட்கார்ந்தார்.

"தரையும் கல்லுதாங்க. எழுந்திரிங்க."

அவருக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. உள்ளே போய் ஒரு சின்னப் புட்டியை எடுத்துவந்து நீட்டினார். "அப்ப இதையும் கொண்டு போ." போன மாதம் டாக்டர் அவருடைய சிறுநீரகத்திலிருந்து எடுத்த கல் அது.

"இத்தனை நாளா எங்கிட்ட காட்டவே இல்லையே!" சித்தி லென்ஸைத் தேடி ஓடினாள். "இங்க பாருங்க, அடுக்கடுக்கா படிஞ்சிருக்கு. பாறை மாதிரியே!"

சாயங்காலத்துக்குள் எல்லாம் வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டன. அலமாரியின் மேல்தட்டில் அந்தப் புட்டியும் ஏறியிருந்தது. அதிலிருந்த சீட்டைப் படித்தேன்.

'கிடைத்த இடம்: வீட்டுக்காரர்.'